தினமும் காலையில் அமலன் வருகிறார்

கடலூரைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை எதுவும் இருந்ததில்லை. கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ரெஜினா கேட்டுக்கொண்டதால் போனேன். அவள் கேட்டது சின்ன உதவிதான். தேவனாம்பட்டினத்தில் ஒரு பழைய பங்களாவின் வாசலில் காலை ஒன்பது மணிக்கு நிற்க வேண்டும். அவள் கணவர் அமலன் அங்கே வருவார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறார் என்று சொல்ல வேண்டும்.

அமலன் காணாமல் போய் ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது.

அவர் மோட்டார் பம்பு செய்யும் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். வருடத்துக்கு ஒருமுறை லீவு போட்டுவிட்டு, பழைய கோட்டை, பழைய கல்லறை, பழைய துறைமுகம் என்று தனியாகச் சுற்றிவருவது வழக்கம். போன ஐப்பசியில் கடலூரும் சிதம்பரமும் போனார். அங்கே ஒரு தனியார் நிறுவனம் மூன்று இடங்களை நடத்துகிறது. தேவனாம்பட்டினத்தில் வெள்ளைக்காரர் காலத்து பங்களா ஒன்று, சிதம்பரத்தில் ஒரு காட்சியகம், அதற்குக் கிழக்கே உப்பங்கழியில் ஒரு படகுத்துறை. ஒரே அட்டையை வைத்துக்கொண்டு மூன்றையும் பார்க்கலாம். மூன்று நாள் அட்டையும் உண்டு, ஓராண்டு அட்டையும் உண்டு. அமலன் ஓராண்டு அட்டை எடுத்தார். மழை முடிந்ததும் உன்னையும் கூட்டிப் போகிறேன் என்று ரெஜினாவிடம் சொல்லியிருந்தார். கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே அட்டையை ரெஜினாவின் போனிலிருந்து வாங்கியதால், அதை எந்த வாசலில் வைத்தாலும் அவளுக்குக் குறுஞ்செய்தி வரும்.

போன மூன்றாம் நாள் அவருடைய போன் அணைந்தது. குறுஞ்செய்தி மட்டும் நிற்கவில்லை. “வணக்கம் அமலன், தங்கள் வருகைக்கு நன்றி” என்று மறுநாள் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. வாரம், மாதம் என்று வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் பங்களா, ஒரு நாள் சிதம்பரம், ஒரு நாள் படகுத்துறை. நேரம் எப்போதும் ஒன்பதை ஒட்டி.

புகார் கொடுக்கப் போன காவல் நிலையத்தில் அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு, “ஊர் சுத்திக்கிட்டு இருக்காரும்மா, அலுத்தா வருவாரு” என்று அனுப்பிவிட்டார்கள். நிறுவனத்துக்குப் போன் செய்தால், அட்டை பயன்பாட்டில் இருக்கிறது, மற்ற விவரம் தர இயலாது என்றார்கள். உறவினர்கள் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: அங்கே இன்னொரு குடும்பம் இருக்கிறது. ரெஜினாவின் தம்பி ஒருமுறை போய் இரண்டு நாள் நின்றான். அவன் ஒரு வாசலில் நின்றபோது அமலன் வேறொரு வாசலில் நுழைந்தார். கோபத்தோடு திரும்பி வந்து, அக்காவைத் தாலியைக் கழற்றிவிட்டு வேலையைப் பார்க்கச் சொன்னான்.

அட்டையின் ஆயுள் வரும் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது.

“அதுக்கப்பறம் எங்கீன்னு போயித் தேடறதுங்கக்கா?” என்றாள் ரெஜினா. “நீங்க பேப்பர்ல இருந்தவங்க. நாலு பேர்கிட்டப் பேசுவீங்க. உசுரோட இருந்தா ஒருக்கா மூஞ்சியப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. என்னையப் புடிக்கலீன்னா புடிக்கலீன்னே சொல்லட்டும். நான் ஒண்ணும் கேக்க மாட்டனுங்க.”

புதன்கிழமை காலை எட்டரைக்குத் தேவனாம்பட்டினத்தில் இருந்தேன். இரவு மழை பெய்து விட்டிருந்தது. கோயம்புத்தூரில் மழைக்குப் பிறகு மண் மணக்கும், இங்கே மீனும் டீசலும் மணக்கின்றன. டீயில் லேசாக உப்பு. கடைக்காரரிடம் சொன்னதற்கு, “எங்களுக்கு ஒங்க ஊரு டீ சப்புனு இருக்கும்” என்றார்.

பங்களாவுக்குப் போக ஒரே பாதைதான். ஒரு பக்கம் கெடிலம் ஆறு, மறு பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் மதில். நான் பாதையின் நடுவில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். எட்டே முக்காலுக்கு வாசல்காரர் மொபெட்டில் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையின் மேல் ஏழுமலை என்று பெயர்ப்பட்டை. ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே போனார். கற்பூர வாசனை வந்தது. டிக்கெட் ஜன்னல் இன்னும் மூடியே இருந்தது.

ஒன்பது மணி ஏழு நிமிடத்துக்கு ரெஜினா அழைத்தாள். குரல் மூச்சாக வந்தது.

“வந்துட்டாருங்கக்கா. பங்களாவுக்குத்தான். இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு. பாத்தீங்களா?”

பாதையின் இரு முனையையும் பார்த்தேன். ஒரு நாய் படுத்திருந்தது. ஆற்றின் அக்கரையில் இரண்டு பேர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டரையிலிருந்து அந்த வழியாக ஏழுமலையைத் தவிர ஒருவரும் வரவில்லை.

“இன்னும் இல்லை. பார்க்கிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜன்னல் திறந்தது. என்னுடைய மூன்று நாள் அட்டையை நீட்டினேன். கருவி கூவியது. அதன் சிறிய திரையில் “இன்றைய வருகை: 2” என்று வந்தது.

“ஒண்ணாவது யாரு?” என்று கேட்டேன்.

“மெஷின் அப்டித்தான் காட்டும்க்கா. மொதல் ஆளுக்கே ரெண்டுன்னுதான் காட்டும். உள்ள போங்க, ஃபேன் போட்டுட்டன்.”

உள்ளே நான்கு அறைகள். உடைந்த பீங்கான், துருப்பிடித்த பீரங்கிக் குண்டு, ஒரு சாய்வு நாற்காலி. ஒவ்வொரு அறையிலும் யாராவது வந்து நின்றால் தானாகப் பேசத் தொடங்கும் ஒலிப்பெட்டி வைத்திருக்கிறார்கள். நான் முதல் அறையில் அந்தக் காலத்து வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது அறையில் பெட்டி பேசத் தொடங்கியது. “வாருங்கள். நீங்கள் நிற்கும் இந்த இடத்தில்தான்” என்று பெண் குரல் யாரிடமோ சொன்னது. போய்ப் பார்த்தேன். ஆள் இல்லை. ஜன்னல் திரை காற்றில் உள்ளே வந்து வந்து போனது. திரை அசைந்ததால் பெட்டி ஏமாந்திருக்கும். நான் நான்காவது அறைக்குப் போனபின், முதல் அறையில் வரவேற்புரை ஆரம்பமானது. அங்கே ஜன்னல் கிடையாது. அதற்கான காரணத்தை நான் கண்டுபிடிக்கவில்லை.

மதியம் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில் சாப்பாடு. வாசலில் பெஞ்சு போட்டு, மீன் குழம்பும் சுறாப்புட்டும் தருகிறார்கள். பரிமாறிய அம்மாவிடம் அமலனின் படத்தைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு, வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“தெர்லியேம்மா. இந்த மாதிரி தொப்பி போட்டுக்கிட்டு பத்து பேரு வராங்க. தொலைஞ்சிட்டாரா?”

“அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் தினமும் இங்கே வருவதாகத் தகவல்.”

“அப்டின்னா தொலையல.” சிரித்தார். “எங்க சின்ன மாமனாரு சுனாமில போனவரு. ஆளு கெடைக்கவே இல்ல. ரேஷன் கார்டுல மட்டும் ரொம்ப நாளு இருந்தாரு. அவரு பேருக்கு அரிசி வந்துக்கிட்டே இருந்திச்சி. எங்க மாமியா அந்த அரிசியத் தனியா வடிப்பாங்க.” குழம்பை ஊற்றினார். “இன்னும் கொஞ்சம் போட்டுக்க. கோயம்புத்தூர்ல இந்த மீனு எங்க கெடைக்குது?”

வியாழக்கிழமை மறுபடியும் அதே வேப்பமரம். இந்த முறை வாசலுக்கு வந்தது சகாயமேரி என்ற பெண்மணி. அரசு வேலை போலக் கணக்காக ஒன்பது மணிக்கு ஜன்னலைத் திறந்தார். என் அட்டையை வைத்தேன். “இன்றைய வருகை: 1.”

“நேற்று முதல் ஆளுக்கே இரண்டு என்று காட்டியதே” என்றேன்.

“மெஷின் எப்டிம்மா ரெண்டுன்னு காட்டும்? ஒண்ணுலதான் ஆரம்பிக்கும்.”

“நேற்று இருந்தவர்?”

“ஏழுமலையா? இன்னைக்கு சிதம்பரத்துல. எங்களத் தெனம் ஒரு கேட்டுக்கு மாத்திடுவாங்க. ஒரே எடத்துல உக்காந்தா தெரிஞ்சவங்கள சும்மா உள்ள விட்ருவோமாம்.” உதட்டைப் பிதுக்கினார். “எனக்கு ஞாயிறு லீவு, பூசைக்குப் போவணும். அவனுக்கு செவ்வாக்கெழம.”

போன் அடித்தது. “அக்கா,” என்றாள் ரெஜினா, “சிதம்பரத்துக்குப் போயிட்டாருங்க.”

சிதம்பரம் பேருந்தில் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டியதும் பின் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி, தண்ணீர் நின்ற வயல் ஓரமாக நின்றோம். நடத்துநரும் ஓட்டுநரும் ஜாக்கியைத் தேடினார்கள். லால்பேட்டைக்குப் போகும் பெரியவர் ஒருவர் குடையைப் பிரித்து, அதில் எனக்கும் பாதி இடம் கொடுத்தார்.

“அஸர் தொழுகைக்குள்ள வூடு போய்ச் சேர்ந்துருவோமா தம்பி?” என்று நடத்துநரைக் கேட்டார்.

“போயிடலாம் பாய்.”

“இன்ஷா அல்லாஹ்னு சொல்லு. ஜாக்கியே இல்லாம போயிடலாம்ங்கிற.”

“ஜாக்கி இருக்குது பாய். அதோட கைப்புடிதான் இல்ல.”

ஒரு மணி நேரம் நின்றோம். அந்த நேரத்தில் ரெஜினாவிடம் போனில் ஒரு வேலை சொன்னேன். போன இரண்டு மாதத்துச் செய்திகளைக் கிழமையோடு வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். புதன் பங்களா, வியாழன் சிதம்பரம், வெள்ளி படகு, சனி பங்களா, ஞாயிறு சிதம்பரம், திங்கள் படகு. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தேன்.

“செவ்வாய்?”

“செவ்வாக்கெழமை மட்டும் வராதுங்க. அன்னிக்கு ரெஸ்ட் எடுப்பாராட்ட இருக்குன்னு நெனச்சுக்குவேன்.”

எழுதுவதை நிறுத்தினேன். குடைக்குள் இருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வூட்டுல ஏதும் சேதியாம்மா?” என்று கேட்டார். இன்னும் தெரியவில்லை என்றேன்.

சிதம்பரம் காட்சியகத்துக்குள் நான் போனபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. ஏழுமலை வாசல் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என்னாக்கா, தொரத்திக்கிட்டே வர்றீங்க?” என்று சிரித்தார். “சாப்டீங்களா? இங்க வந்துட்டு கொத்சு சாப்டாம போனா பாவம்.”

அமலனின் படத்தைப் போனில் காட்டினேன். யாரிடம் படத்தைக் காட்டினாலும் முதலில் பார்ப்பார்கள், பிறகுதான் தெரியாது என்பார்கள். ஏழுமலை தெரியாது என்று சொன்ன பிறகு பார்த்தார். பார்த்ததும் கையிலிருந்த உருண்டையைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டார். அதன்பின் சாப்பிடவில்லை.

“நாளைக்கு எந்த கேட்?” என்று கேட்டேன்.

“படகுத்தொறையில” என்றார். கேட்டதற்குக் காரணம் கேட்கவில்லை.

கொத்சு சாப்பிட்டேன். கத்தரிக்காயைச் சுட்டுச் செய்தது, புளிப்பும் காரமும் சம அளவில். எங்கள் ஊரில் கொத்சு என்ற பெயரில் தருவது வேறு ஏதோ. மாலையில் கோயிலுக்குப் போனேன். ரகசியம் பார்க்கும் இடத்தில் வரிசை நகர்ந்தது. திரையை விலக்கினார்கள். சுவரும், அதன்மேல் தொங்கும் தங்க வில்வ மாலைகளும். எனக்கு முன்னால் குமராட்சிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, பார்வை மங்கியவர், மகளிடம் கேட்டார்: “என்னாடி தெரியுது?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“அதான். நல்லாப் பாத்துக்க.”

வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கே படகுத்துறைக்குப் போய்விட்டேன். கடைசி ஊரைத் தாண்டியதும் சாலை குறுகி, இரண்டு பக்கமும் சேறும் தண்ணீரும் ஆகிவிடுகிறது. அப்புறம் அலையாத்திக் காடு. மரங்கள் தண்ணீருக்குள் விரல் ஊன்றி நிற்பதுபோல் நிற்கின்றன. பறவை கூடச் சத்தம் போடவில்லை. துறையில் படகோட்டி கலியமூர்த்தி தன் படகிலிருந்து மழைத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு மேல்தான் படகு என்றார். உட்கார்ந்திருக்கிறேன் என்று படகின் கூரைக்கு அடியில் அமர்ந்துகொண்டேன். அங்கிருந்து வாசல் அறையின் பின்பக்கக் கதவு நேராகத் தெரிந்தது.

ஏழுமலை வந்தார். கதவைத் திறந்தார். தரையைப் பெருக்கினார். முருகன் படத்துக்குச் செம்பருத்தி வைத்து, கற்பூரம் காட்டினார். பிறகு படத்துக்குப் பின்னால் கையை விட்டு ஓர் அட்டையை எடுத்தார். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். கருவியின்மேல் வைத்தார். கருவி கூவியது. அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

என் போன் நடுங்கியது. “இன்னிக்குப் படகுக்கு வந்துட்டாருங்கக்கா” என்றாள் ரெஜினா. “நீங்க அங்கதான இருக்கீங்க? நல்லா இருக்காருங்களா? எளைச்சுப் போயிட்டாருங்களா?”

கொஞ்ச நேரத்தில் கூப்பிடுகிறேன் என்றேன். அவளிடம் பொய் சொல்லக் கூடாது என்று மட்டும் தீர்மானித்திருந்தேன். வேறு எதுவும் தீர்மானித்திருக்கவில்லை.

நான் பின்கதவில் போய் நின்றதும் ஏழுமலைக்குப் புரிந்துவிட்டது. அட்டையை எடுத்து நீட்டினார். மேலே அமலன் என்று அச்சடித்திருந்தது. ஓரங்கள் தேய்ந்து, கற்பூரப் புகையில் பழுப்பேறியிருந்தது.

“இவர் எங்கே?”

“தெர்லக்கா. சத்தியமா தெர்ல.” நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “போன வருஷம் இதே மழை. ஒரு மாசமா ஆளே இல்ல. மூணு கேட்டுல ரெண்ட மூடப்போறம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஒருத்தர வச்சிக்கிட்டு மத்தவங்கள அனுப்பப் போறாங்க. எனக்கு ரெண்டு பொண்ணுங்க. அன்னிக்கு காலைல இவரு வந்தாரு, மழையில. போட்டு கெடையாது சார்னேன். பரவால்ல, சும்மா நின்னு பாத்துட்டுப் போறேன்னாரு. நான் கார்ட வச்சேன். அவருதான் போணி.”

போணி என்பதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. எங்கள் தெருவில் இளநீர் விற்பவர்கூட முதல் வியாபாரத்தை யார் கையால் என்று பார்த்துத்தான் செய்வார்.

“மழை விட்டதும் மூணு காலேஜ் பஸ்ஸு வந்துச்சிக்கா. மழைக்குப் பயந்து வேற எங்கியோ போவ இருந்தவங்க, இங்க திரும்பிட்டாங்க. அப்டி ஒரு கூட்டத்த நான் பாத்ததே இல்ல. சாயங்காலம் கூட்டம் போனதும் போட்டு ஏறற பலகைப் பாலத்த கழுவப் போனேன். கடேசிப் பலகை மேல இந்தக் கார்டு கெடந்திச்சி. தவற விட்டுட்டாரு, வந்தா குடுக்கலாம்னு எடுத்தேன். போன் நம்பரு ஏதாவது காட்டுதான்னு பாக்க மறுநாளு மெஷின்ல வச்சேன். அன்னிக்கும் கூட்டம். அப்பறம் வைக்காம இருக்க பயமாயிடுச்சி.”

“பதினோரு மாதமாக?”

“ராசியான கைய எப்டிக்கா விடறது? ஞாயித்துக்கெழமயோட முடியுது. அதுக்கப்பறம் என்னா பண்றதுன்னு நானே தூங்காம கெடக்கறேன்.”

“அன்றைக்கு அவர் திரும்பி வெளியே போனதைப் பார்த்தீர்களா?”

ஏழுமலை கருவியின் பக்கம் திரும்பினார். கருவியின் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

“கூட்டத்துல பாக்கல” என்றார். “போயிருப்பாருன்னு நெனச்சிக்கிட்டேன்.”

“அட்டையோடு வேறு ஏதாவது கிடந்ததா?”

எழுந்து, மேசை இழுப்பறையின் அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தார். மூக்குக் கண்ணாடி. “பலகை சந்துல மாட்டிக்கிட்டு இருந்திச்சி. இது யாருதோன்னு...”

படகுப் பாலத்தின் கடைசிவரை நடந்தேன். இப்போது கைப்பிடிக் கம்பி இருக்கிறது. பொங்கலுக்குப் பிறகுதான் போட்டதாக ஏழுமலை சொன்னார். பலகைமேல் பாசி. மழையில் நனைந்த கண்ணாடியைத் துடைக்க ஒருவர் கழற்றினால், அடுத்த அடியை எங்கே வைப்பார் என்று பார்த்தேன். கீழே தண்ணீர் கடலை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து ரெஜினாவை அழைத்தேன்.

“ஒன்று கேட்கிறேன். கண்ணாடி இல்லாமல் அமலன் எங்கேயாவது போவாரா?”

“கக்கூசுக்குக்கூடப் போக மாட்டாருங்க. செவுத்துல முட்டிக்குவாரு.” சிரிக்கத் தொடங்கி நிறுத்தினாள். “ஏனுங்கக்கா?”

பார்த்ததைப் பார்த்த வரிசையில் சொன்னேன். அட்டை, முருகன் படம், போணி, கடைசிப் பலகை, கண்ணாடி. எதையும் குறைக்கவில்லை. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. மறுபடியும் அடித்தது. அவள் அதை அணைக்கப் போகவில்லை.

பிறகு கேட்டாள்: “அப்ப அவரு என்னைய உட்டுட்டுப் போகலீங்களா?”

“இல்லை” என்றேன்.

நான் திரும்பி வந்தபோது கலியமூர்த்தி வாசல் அறையில் நின்றிருந்தார். விஷயம் அவருக்குப் போய்விட்டது. ஏழுமலைக்கு அவர் அக்காள் கணவர் முறை.

“ஏன் மச்சான், போணிக்கு ஊருல உசுரோட ஒரு ஆளு கெடைக்கலயா ஒனக்கு?” என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். “அந்த வாரம் கொள்ளிடம் மொகத்துல ஒருத்தர் ஒதுங்கினாரும்மா. அக்கரையில. நான்தான் போட்டுல கொண்டுபோயி போலீஸ்காரங்கள எறக்கினேன். யாருன்னு தெரியாம அங்கயே பொதைச்சாங்க. இவரா இருக்கும்னு எப்டித் தோணும்? இவரத்தான் யாரும் தேடலியே.”

அக்கரை வேறு மாவட்டம், வேறு காவல் நிலையம். வெள்ளிக்கிழமை முழுவதும் அதிலேயே போனது. இந்தப் பக்கத்து நிலையத்தில் அட்டையையும் கண்ணாடியையும் உறையில் போட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சட்டையின் படம் வந்தது. அதை ரெஜினாவுக்கு அனுப்பினேன். பதில் ஒரே சொல்லாக வந்தது: அவருதுங்க.

சனிக்கிழமை காலை ரயிலில் ரெஜினா வந்து இறங்கினாள். அழுது முடித்த முகம். ஒரு துணிப்பை மட்டும் வைத்திருந்தாள். நேராகப் படகுத்துறைக்குப் போகலாம் என்றாள். அன்றைக்கு ஏழுமலையின் முறை பங்களாவில், ஆனால் அதிகாரிகள் வந்து இடத்தைப் பார்க்கும்வரை அவரைப் படகுத்துறையிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள்.

ஒன்பது மணிக்குச் சற்று முன்பு போய்ச் சேர்ந்தோம். விழுப்புரத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றிருந்தது. கைக்குழந்தையோடு ஒரு குடும்பம், இரண்டு மூன்று பெரியவர்கள். ஜன்னல் திறந்தது. ஏழுமலை சவரம் செய்திருக்கவில்லை. அவர் கண் வேன்காரர்களின் குழந்தைமேல் போய் நின்றது. குழந்தையைத் தூக்கியிருந்த தகப்பன் முன்னால் வருவதற்குள் ரெஜினா ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

“ஒரு டிக்கெட்டுங்க” என்றாள்.

ஏழுமலை அவளைப் பார்த்தார். யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கணவனை இழந்தவள் கையால் போணி செய்ய இந்தப் பக்கத்திலும் யாரும் சம்மதிக்க மாட்டார்கள், எங்கள் பக்கத்திலும் மாட்டார்கள். சம்மதிக்காததை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

“நீங்க நிக்க வாணாம்க்கா” என்றார் ஏழுமலை. “அப்டி ஒக்காருங்க, டீ வாங்கியாரச் சொல்றன். அவுங்க வேன்ல வந்தவுங்க, அவுங்கள மொதல்ல அனுப்பிட்டு...”

“பதினோரு மாசம் எங்கூட்டுக்காரர வெச்சுப் போணி பண்ணுனீங்கல்ல?” என்றாள் ரெஜினா. குரலை உயர்த்தவில்லை. “இன்னிக்கு நான் பண்றனுங்க.”

வேன்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கலியமூர்த்தி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏழுமலையின் கை மேசைமேலேயே இருந்தது. ரெஜினா நோட்டை நீட்டியபடியே நின்றாள். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. ஏழுமலை எழுந்து நின்றார். இரண்டு கையாலும் அதை வாங்கினார். சீட்டைக் கிழித்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

“மன்னிச்சிடுங்கக்கா” என்றார்.

ரெஜினா சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படகுப் பக்கம் நடந்தாள்.

அமலனைப் புதைத்த அக்கரைக்குப் புறப்பட்ட படகில் நாங்கள் இருவர் மட்டும். கலியமூர்த்தி மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, வாரை இழுத்துச் சரிபார்த்தார். என்ஜினைப் போட்டார். காடு இரு பக்கமும் நெருங்கி வந்து விலகியது. கொஞ்ச தூரத்தில் கால்வாய் அகன்று, வானம் இறங்கியதும் ரெஜினா திரும்பி அவரிடம் கேட்டாள்:

“அங்க நெழலு இருக்குதுங்களா?”

“இருக்குது தாயி. சவுக்குத் தோப்பு.”

“அப்பச் சரிங்க” என்று சொல்லிவிட்டு, முன்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.